எட்டு வருடம் நின்ற அம்பாசடரைப் பட்டறைக்குக் கொண்டுபோவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் வீட்டு ஷெட்டில் அப்பாவின் 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 எட்டு வருடமாக நிற்கிறது, செல்ஃப் போட்டால் சத்தமே இல்லை, மதுரையில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கிடைத்திருக்கிறார், அவர் பட்டறை ஏறத்தாழ 90 கி.மீ. தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவின் பொலீரோவில் கயிறு கட்டி இழுத்துப் போகலாமா, போகிற வழியில் கியரைப் போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடாதா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேண்டாம். ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டி, அதாவது காரையே மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான பலகை உள்ள லாரி ஒன்றைப் பிடித்து, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிக் கொண்டுபோங்கள். இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் ஃபிளாட்பெட் வந்தாலும் ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதும், அதை ஒழுங்காகக் கட்டுவதும் உங்கள் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். ரெக்கவரி வண்டிக்காரர்கள் தினமும் தூக்குவது ஸ்விஃப்ட்டும் ஐ20யும். உங்கள் வண்டியில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றதும் எல்லோரும் என்ஜினைப் பற்றியே யோசிக்கிறார்கள். இழுப்பதற்கு என்ஜின் தேவையில்லை. தேவைப்படுவது பிரேக், டயர், பேரிங், ஸ்டீயரிங் இந்த நான்கும்தான். எட்டு வருடம் நின்ற வண்டியில் இந்த நான்கையும் நம்ப முடியாது. அதிலும் பிரேக்கை அறவே நம்ப முடியாது.

உங்கள் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஹைட்ராலிக் லைன் ஒன்றே ஒன்றுதான். இன்றைய வண்டிகளைப்போல இரண்டு தனித்தனி சர்க்யூட் கிடையாது. எங்காவது ஒரு வீல் சிலிண்டரின் (சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் சிறிய சிலிண்டர்) ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் சிலிண்டர் சுவரில் துருவாக மாறும். வண்டி நிற்கும்போது பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். ஷெட்டுக்குள் நாலு முறை மிதித்துப் பார்த்துவிட்டு பிரேக் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். சாலையில் நிஜமாக அழுத்தி மிதிக்கும் அந்த ஒரு தடவையில், துருவில் உரசிய கப் வழியாக ஆயில் வெளியேறி பெடல் தரை வரை போகும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கமாக வீங்கி ஒருவழிப் பாதையாகிவிடும். மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் லைனர் (டிரம்மில் உரசும் பட்டை) டிரம்மைப் பிடித்தபடியே சக்கரம் சுற்றும். பத்து கிலோமீட்டர் இப்படி இழுத்தால் டிரம் கொதித்து, பேரிங் கிரீஸ் உருகி ஓடிவிடும்.

இப்போது கயிற்றைப் பாருங்கள். 1989-ல் வந்த சாலை விதிமுறைகள், வண்டியை வண்டி இழுக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்றும், வேகம் மணிக்கு 24 கி.மீ. தாண்டக்கூடாது என்றும் சொன்னன. இழுபடும் வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது அதன் முன்சக்கரங்கள் தரையிலிருந்து தூக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தது. பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பெழுத்தில் ‘ஆன் டோ’ (இழுத்துச் செல்லப்படுகிறது) என்று எழுதி வைக்கவும் சொன்னன. 2017-ல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டாலும் இந்த அளவுகளில் இருக்கும் அறிவு மாறவில்லை. 24 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல் நகர்கிறது. பொலீரோ சட்டென்று நின்றால் ஐந்து மீட்டரைக் கடக்க உங்களுக்கு முக்கால் விநாடி. ஐம்பதில் போனால் அதில் பாதிகூட இல்லை. ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, பிரேக் சந்தேகம், முன்னால் பொலீரோவின் பின்கதவு. அந்த 24-லேயே போனால் 90 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம். திருப்பத்தூர் தாண்டி மேலூரில் ஏறினால் அதன்பின் திருச்சி–மதுரை நாலுவழிச் சாலை. ஆம்னி பஸ்ஸும் லாரியும் நூறை ஒட்டி வரும் இடத்தில் 24 கி.மீ. வேகத்தில் இரண்டு வண்டி. இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓடும்போது கியர் போட்டு ஸ்டார்ட் செய்வது இதைவிடக் கெடுதல். நேற்று பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது வேறு. எட்டு வருடத்தில் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் எல்லாம் இறங்கி, பிஸ்டன் ரிங் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஏதாவது ஒரு வால்வு கைடில் இறுகியிருக்கலாம். அந்த நிலையில் கிளட்சை விட்டால் என்ஜின் சுற்றாது. பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும், கயிறு அறுபடும். வலுக்கட்டாயமாகச் சுற்றினாலோ ரிங் உடையும், புஷ் ராடு வளையும். அதிர்ஷ்டவசமாக ஸ்டார்ட் ஆகிவிட்டால் வண்டி முன்னால் பாய்ந்து பொலீரோவில் போய் முட்டும். எந்த வழியில் போனாலும் இதில் லாபமில்லை. கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது கியர் விழுந்தால் பெடலை மிதித்தாலும் கழலாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பின்சக்கரம் தரையில் உருள இழுத்தால், நியூட்ரலில் இருந்தாலும் கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும், அதோடு கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் சுற்றும். கியர்பாக்ஸுக்குள் ஆயிலை வாரித் தெளிப்பது கீழே இருக்கும் லே ஷாஃப்ட். என்ஜின் ஓடினால்தான் அது சுற்றும். என்ஜின் நின்றிருக்க மேலே ஷாஃப்ட் மட்டும் சுற்றினால் புஷ்ஷுகள் ஆயில் இல்லாமல் தேய்கின்றன. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. நெடுந்தூரம் என்றால் பின் ஆக்ஸில் பக்கத்து இணைப்பில் நான்கு போல்ட்டைக் கழற்றி புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். முன்சக்கரத்தை மட்டும் தூக்கிப்போகும் கிரேன் வண்டியை அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் இதனால்தான் வேண்டாமென்று சொல்லுங்கள். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகள். தூக்குவதானால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கினால் முன்சக்கரம் பின்னோக்கி உருளும், சும்மா விட்டால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி முறுக்கிக்கொள்ளும். அதை நேராக வைத்துக் கட்ட வேண்டும். கொக்கி போட்டுப் பம்பரோடு தூக்கும் பழைய வகைக் கிரேனை வீட்டுப் பக்கமே விடாதீர்கள். அம்பாசடரின் முன் பம்பரும் கிரில்லும் வளைந்தால் பெண்டு எடுக்க டிங்கர் கிடைப்பார், அசல் குரோம் கிடைக்காது. அம்பாசடர் தயாரான உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே தயாரிப்பு நின்றுவிட்டது.

காகிதத்தையும் பாருங்கள். தனியார் காரின் ஆர்சி முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வருடம் நின்ற வண்டிக்கு ஆர்சியும் இன்சூரன்ஸும் காலாவதியாகியிருக்கும். அதன் சக்கரம் சாலையில் உருளும்போது யார் மீதாவது பட்டால் அந்தப் பொறுப்பை ஏற்க எந்தப் பாலிசியும் இருக்காது. ஃபிளாட்பெட்டின் மேல் அது ஒரு சரக்கு. ஏற்றும் முன் நாலு பக்கமும், உள்ளேயும், பம்பர் ஓரங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். வழியில் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

ஷெட்டில் செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடும் நாளில் இதைச் செய்யாதீர்கள், ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். முதலில் பானட்டைத் திறந்து எலிக்கூடு, பாம்பு, குளவிக்கூடு ஏதும் இருக்கிறதா என்று நீளமான குச்சியால் பாருங்கள், சீட்டுக்கு அடியிலும். பிறகு பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். எலி கடித்த வயரும் பழைய பெட்ரோலும் ஒரே இடத்தில் இருக்கும்போது கரெண்ட் வேண்டாம். பொலீரோ பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வம்ச வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் கேபிள் மாட்டி, இரண்டு வண்டியும் சங்கிலியாலோ பம்பராலோ தொட்டுக்கொண்டிருந்தால் நெருப்புதான். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, டேங்கின் அடியில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிளாட்பெட்டில் சாய்த்து ஏற்றும்போது சமதளத்தில் கசியாத ஓட்டையும் கசியும். பழைய பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. வடிக்கும்போது பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று இருக்கட்டும், பீடி சிகரெட் யாரும் பற்ற வைக்க வேண்டாம்.

டயரில் காற்று ஏற்றிப் பாருங்கள். பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தாலும், ஒரு நாள் காற்று நின்றால் ஃபிளாட்பெட்டில் ஏற்றப் போதும். நிற்காவிட்டால் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டு டியூபை மாற்றுங்கள். காற்றில்லாத டயரோடு வின்ச்சில் (ரெக்கவரி வண்டியில் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) இழுத்தால் ரிம் வெட்டி டயர் கழன்றுவரும். இந்த வண்டியின் அசல் டயர் 5.90–15, சட்டென்று எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதே டயரில் பிற்பாடு வண்டியை ஓட்டுவது என்ற நினைப்பு வேண்டாம்.

அடுத்தது சக்கரம் சுற்றுகிறதா என்பது. கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லிவருக்குக் கீழே கம்பி இணைப்புகள் நீளமாகப் போகின்றன. அவை தேய்ந்த வண்டியில் லிவர் நியூட்ரலில் இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே கியர் விழுந்திருக்கும். பானட்டைத் திறந்து இணைப்புகளைக் கையால் அசைத்து உறுதி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, கையால் சுற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக்கூடாது. சுற்றாத சக்கரத்தில் லைனர் டிரம்மோடு ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டபடி நிறுத்தியிருந்தால் பின்சக்கரம் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பில் மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தால் டிரம் விரிசல் விடும், வார்ப்பிரும்பு அது. விடாத சக்கரத்தை அடம்பிடித்து இழுக்க வேண்டாம், ரெக்கவரி வண்டிக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைத் தள்ளுவண்டி கொண்டுவருவார்.

ஷெட்டிலிருந்து தெருவரை வண்டியைத் தள்ளுவதே நல்லது. ஆறேழு பேர், இரண்டு பேர் கையில் முட்டுக்கட்டை, உள்ளே ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்த ஒருவர். தள்ளுபவர்கள் கதவுத் தூணையும் பின்பக்க டிக்கியின் உறுதியான கீழ்ப்பகுதியையும் பிடித்துத் தள்ளட்டும். விளக்கையும் கிரில்லையும் தொட வேண்டாம். ஷெட் வாசலில் சரிவு இருந்தால் வண்டி தானாக உருளத் தொடங்கும் இடம் அதுதான். பிரேக் இல்லை என்பதை நினைவில் வைத்து, கட்டைக்காரர்கள் இருவரும் அந்த இடத்தில் சக்கரத்தை ஒட்டியே நடக்க வேண்டும். குழந்தைகளை வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் விடாதீர்கள். ஊரே வேடிக்கை பார்க்க வரும். சந்தோஷம்தான், ஆனால் ஓரமாக நிற்கட்டும்.

தெரு குறுகல், ஃபிளாட்பெட் உள்ளே வராது, இருநூறு முந்நூறு மீட்டர் இழுத்தே ஆக வேண்டும் என்றால் கயிற்றுக்குப் பதில் இரும்பு டோ பார் தேடுங்கள். பார் இருந்தால் பின்வண்டி முன்வண்டியில் மோத முடியாது. பிரேக் இல்லாத வண்டிக்கு அது ஒன்றுதான் வழி. அதுவும் இல்லை, கயிறுதான் என்றால் நடக்கும் வேகத்துக்கு மேல் வேண்டாம், கட்டைக்காரர்கள் கூடவே நடக்கட்டும். தேங்காய் நார் வடமும் கிணற்றுக் கயிறும் வேண்டாம். வண்டி இழுக்கவென்றே தைத்த அகலமான நைலான் பெல்ட், இரண்டு முனையிலும் டி ஷாக்கிள் (D வடிவ இரும்பு வளையம்). நடுவில் சிவப்புத் துணி. பெல்ட்டைப் பம்பரிலோ, டை ராடிலோ, முன் சஸ்பென்ஷனிலோ கட்டக்கூடாது. அம்பாசடருக்கு லாரிபோலத் தனி சேசிஸ் கிடையாது. முன்பக்கத்தில் என்ஜினைத் தாங்கும் கனமான நீள்சட்டங்கள்தான் இழுவையைத் தாங்கும். அங்கும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்து திருப்புளி உள்ளே போனால் அந்த இடம் ஆகாது. பொலீரோ மெல்ல நகர்ந்து பெல்ட்டின் தொய்வை எடுத்த பிறகே இழுக்க வேண்டும். சாவி ஆனில் இருந்தால்தான் ஸ்டீயரிங் பூட்டாமல் இருக்கும் வண்டிகள் உண்டு. அவற்றில் பேட்டரி இணைத்திருந்தால் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றிவிடுங்கள். பாய்ண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் என்ஜின் ஓடாமல் சாவி ஆனில் கிடந்தால் காயில் சூடேறிப் பாழாகும்.

ஃபிளாட்பெட்டில் ஏற்றும்போது வின்ச் கம்பிவடத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் அது சாட்டைபோல் திரும்பும். சைலன்சரும் பின் பம்பரும் பலகை விளிம்பில் இடிக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கட்டும். இடித்தால் சக்கரத்துக்கு அடியில் மரப்பலகை கொடுத்துச் சரிவைக் குறைக்கலாம். மேலே ஏறியதும் முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்தால் பிடித்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை. பிறகு கட்டுவது. பாடியையோ சட்டத்தையோ கீழே இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்ப்ரிங் அமுங்கி பெல்ட் தளரும். டயருக்கு மேலாகப் போட்டுச் சக்கரத்தைப் பலகையோடு கட்டும் ராட்செட் பெல்ட்டே சரி. சக்கரம் அசையாது, வண்டி தன் ஸ்ப்ரிங்கில் ஆடிக்கொள்ளும். அந்த வசதி இல்லை, பின் ஆக்ஸிலில்தான் போட வேண்டும் என்றால் ஆக்ஸில் மேல் ஓடும் பிரேக் குழாயை பெல்ட் நசுக்காமல் பாருங்கள். வீல் கப், பக்கவாட்டுக் கண்ணாடி, வைப்பர் ஆகியவற்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பானட்டை ஒரு கயிற்றால் கட்டுங்கள், பழைய பூட்டு காற்றில் திறந்துகொள்ளும். கார் கவரைப் போர்த்தி அனுப்பாதீர்கள். காற்றில் அடித்து அடித்து அது பெயின்ட்டைத் தேய்த்துவிடும். ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி பெல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பின்னாலேயே பொலீரோவில் போனால் இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் வேறு வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. மோரிஸ் மைனரோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருந்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனைப் பார்க்காமல் அரை கிலோமீட்டர்கூட உருட்டாதீர்கள். மைனரில் அதற்குக் கிரீஸ், ஹெரால்டில் கியர் ஆயில் தவறாமல் போயிருக்க வேண்டும். காய்ந்த டிரன்னியன் விட்டுப்போனால் சக்கரம் அப்படியே உள்ளே மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய வெளிநாட்டு வண்டிகளில் இழுவிசை கொடுக்கும் சக்கரம் தரையைத் தொடவே கூடாது. என்ஜின் ஓடாமல் அவற்றின் கியர்பாக்ஸில் ஆயில் பம்ப் வேலை செய்யாது.

பட்டறையில் இறக்கியதும் மெக்கானிக்கிடம் முதலில் சொல்ல வேண்டியது, பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டாம் என்பது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்க்கட்டும். ஹேண்டில் உங்கள் வண்டியின் டிக்கியில் ஸ்பேர் வீல் பக்கம் கிடக்கிறதா என்று தேடி எடுத்துக் கூடவே அனுப்புங்கள். சுற்ற ஆரம்பித்தாலும் பிரேக் வேலை முழுவதையும் முடித்த பிறகுதான் என்ஜினை ஓடவிடச் சொல்லுங்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப், ஹோஸ் எல்லாம் புதிது. வீல் பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். ஏற்றி இறக்கிய செலவை நினைத்து இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு வண்டியை மதுரையிலிருந்து ஓட்டி வர வேண்டாம். பிரேக் முடியாவிட்டால் திரும்பும்போதும் ஃபிளாட்பெட்டிலேயே வரட்டும்.